சென்னையை நடந்தே தெரிந்துகொள்ள: புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலைக்கோ படிப்புக்கோ சென்னைக்கு வந்து இரண்டு மூன்று வருடம் ஆன பிறகும் பலருக்கு இந்த ஊரில் தெரிந்தது விடுதி, ஆபீஸ், ஒரு மால், பஸ் ஏறும் நிறுத்தம், இவ்வளவுதான். மதுரையிலிருந்து வந்த புதிதில் எனக்கும் அப்படித்தான் இருந்தது. பிறகு நடக்க ஆரம்பித்தேன். எங்கே இறங்குவது, எத்தனை மணிக்குப் போவது, எந்தக் கிழமையில் எது பூட்டியிருக்கும், கழிப்பறைக்கு எங்கே ஒதுங்குவது என்று ஒவ்வொன்றையும் அலைந்து திரிந்துதான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. யாரைக் கேட்டாலும் "சென்னையில நடக்கிறதா? வெயில் சும்மா விடாது" என்பார்கள். நேரம் பார்த்துப் போனால் நன்றாகவே நடக்கலாம். அந்த நேரக் கணக்கைத்தான் இங்கே முக்கியமாக எழுதுகிறேன். இந்த ஊரிலேயே இருக்கப்போகிறவர்களை மனதில் வைத்து எழுதியது. ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ராத்திரி ரயிலேற வேண்டியவர்களுக்கு அவ்வளவாக உதவாது.

1. ஒரு நாளைக்கு ஒரு பேட்டை மட்டும்

முதலில் ஆசையைக் குறைத்துக்கொள்ளுங்கள். காலையில் மயிலாப்பூர், மதியம் பாரிமுனை, சாயங்காலம் தி.நகர் என்று போட்டால் ஆட்டோவில் உட்கார்ந்த நேரம்தான் மிஞ்சும். ஒரு பேட்டை, மூன்று அல்லது நான்கு கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். வேடிக்கை பார்த்து, டீ குடித்து, இரண்டு பேரிடம் பேசி நடந்தால் அந்தத் தூரத்துக்கு அவ்வளவு நேரம் ஆகும்.

ஒரு ரயில் நிலையத்தில் இறங்கி இன்னொரு ரயில் நிலையத்தில் ஏறும்படி வழியைப் போடுங்கள். வந்த தெருவிலேயே திரும்பி நடக்க வேண்டாம், களைத்துப்போன நேரத்தில் ஆட்டோவோடு பேரமும் பேச வேண்டாம். இதற்குப் பறக்கும் ரயில் (தூண்களுக்கு மேல் ஓடும் மின்சார ரயில்) அருமையான வழி. சிந்தாதிரிப்பேட்டை, சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம், முண்டகக்கண்ணியம்மன் கோயில், திருமயிலை, மந்தைவெளி என்று பழைய பேட்டைகளை ஒட்டியே அதன் நிலையங்கள் இருக்கின்றன. வடக்குப் பக்கத்துக்கு மெட்ரோ: மண்ணடி, உயர் நீதிமன்றம், சென்ட்ரல், அரசினர் தோட்டம்.

2. வழியைவிட நேரம் முக்கியம்

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஞாயிறு காலை 11 மணிக்குக் கிளம்புகிறார்கள். சென்னையில் நடப்பதற்கு அதைவிட மோசமான நேரம் கிடையாது. வெயில் ஏறியிருக்கும், கோயில் நடை சாத்தும் நேரம் நெருங்கியிருக்கும், பாரிமுனைப் பக்கம் கடைகள் அடைத்திருக்கும்.

ஒவ்வொரு பேட்டைக்கும் அது உயிரோடு இருக்கிற நேரம் ஒன்று உண்டு. காசிமேட்டுக்கு விடியலுக்கு முன். மயிலாப்பூருக்குக் காலை 6 மணி. ஜார்ஜ் டவுனுக்கு வேலை நாளில் காலை 9.30. திருவல்லிக்கேணிக்குச் சாயங்காலம் 4. சவுக்கார்பேட்டைக்கு விளக்கு வைத்த பிறகு. தி.நகருக்குக் கடை திறக்கும் முன் ஒரு தடவை, திறந்த பின் ஒரு தடவை.

மாதக் கணக்கும் இருக்கிறது. டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி முடிய நடக்க ஏற்ற காலம். மார்ச்சில் காலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே, ஜூனில் காலை 8.30க்குள் முடித்துவிட வேண்டும். மே 4 வாக்கில் தொடங்கும் கத்திரி வெயிலில் அதுவும் அதிகம். ஜூலை, ஆகஸ்டில் சாயங்காலங்கள் பரவாயில்லை. அக்டோபரிலிருந்து டிசம்பர் முற்பாதி வரை வடகிழக்குப் பருவமழை. அதற்கான எச்சரிக்கையைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

அப்புறம் விடுமுறை நாட்கள். இதில் ஏமாறுகிறவர்கள் நிறைய. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கும் கோட்டை அருங்காட்சியகத்துக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. கிண்டி சிறுவர் பூங்காவுக்குச் செவ்வாய். அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டம் ஞாயிறு திறக்காது; மற்ற நாட்களிலும் காலையில் கொஞ்ச நேரம், பிற்பகலில் கொஞ்ச நேரம்தான் உள்ளே விடுவார்கள். கோயில்கள் பெரும்பாலும் 12, 12.30க்கு நடை சாத்தி 4 மணிக்குத் திறக்கும்.

3. என்னென்ன ஆவணம் வேண்டும்

தெருவில் நடக்க எந்த ஆவணமும் வேண்டாம். ஆனால் புகைப்படம் உள்ள அசல் அடையாள அட்டை ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும்: ஓட்டுநர் உரிமமோ ஆதாரோ. புனித ஜார்ஜ் கோட்டைக்குள் தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் இருப்பதால் வாசலில் சோதனை உண்டு, அட்டை கேட்பார்கள். சட்டமன்றம் கூடும் நாட்களில் கெடுபிடி அதிகம். அருங்காட்சியகம் பார்க்கத்தான் என்றால் வேறு நாள் போங்கள்.

பயணத்துக்குச் சிங்காரச் சென்னை அட்டை வாங்கிவிடுங்கள். மெட்ரோ நிலையங்களில் கிடைக்கும். அலைபேசி எண்ணும் அடையாள விவரமும் கொடுத்தால் போதும். மெட்ரோவிலும் மாநகரப் பேருந்திலும் ஒரே அட்டை செல்லும். தெரிந்தவர் யாராவது பழைய மெட்ரோ பயண அட்டையைக் கொடுத்தால் அதை நம்பிக் கிளம்ப வேண்டாம், அதில் பணம் ஏற்றுவதை நிறுத்திவிட்டார்கள். அட்டை வேண்டாம் என்றால் 'சென்னை ஒன்' செயலியில் பேருந்து, மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் சீட்டு எடுக்கலாம்.

மின்சார ரயிலுக்கும் பறக்கும் ரயிலுக்கும் ரயில்வே செயலியில் சீட்டு எடுப்பதானால் நிலையத்துக்கு வெளியிலேயே எடுத்துவிடுங்கள். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் போனபின் காகிதமில்லாச் சீட்டைச் செயலி தராது. உள்ளே வந்துவிட்டீர்கள் என்றால் நிலையச் சுவரில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியை ஸ்கேன் செய்துதான் எடுக்க வேண்டும். 5 ரூபாய்ச் சீட்டு இல்லாமல் பிடிபட்டால் குறைந்தது 250 ரூபாய் அபராதம்.

4. எவ்வளவு செலவாகும்

மின்சார ரயிலில் குறைந்த கட்டணம் 5 ரூபாய். மெட்ரோவில் 10 ரூபாயிலிருந்து 50 வரை. மாநகரப் பேருந்தில் சாதாரணக் கட்டணம் 5 ரூபாயில் தொடங்கும். சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசம், நடத்துநரிடம் கட்டணமில்லாச் சீட்டை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தினமும் அலைகிறவர்களுக்கு 1000 ரூபாய் மாதப் பாஸ் உண்டு. வாரத்துக்கு ஒரு நடை போகிறவருக்கு அது தேவையில்லை.

சாப்பாட்டுக்கு, ஒரு காபி, ஒரு டிபன் என்று 100 ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள். கையில் காசு குறைவு என்றால் அம்மா உணவகம் இருக்கிறது. காலையில் இட்லி 1 ரூபாய், பொங்கல் 5 ரூபாய். மதியம் சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. சூடாக இருக்கும், பக்கத்தில் உட்காருகிறவர்கள் அந்தப் பேட்டையைப் பற்றி எந்தப் புத்தகத்தையும்விட நன்றாகச் சொல்வார்கள். ஆக, ஒரு நடைக்கு 150 ரூபாய் தாராளம். பத்து, இருபது ரூபாய்த் தாள்களாகக் கொஞ்சம் சில்லறை வைத்திருங்கள். பூக்காரம்மாவிடம்கூட ஜிபே இருக்கிறது, ஆனால் ஜார்ஜ் டவுன் சந்துகளில் சில இடங்களில் சிக்னல் கிடைக்காது.

பெரிய செலவு காலுக்குத்தான். பின்னால் வார் வைத்த செருப்பு போதும். கோயில், மசூதி என்று கழற்றி மாட்ட அதுதான் வசதி. கயிறு கட்டிய ஷூ போட்டுக்கொண்டு மயிலாப்பூர் போனால் பாதி நேரம் குனிந்தே இருப்பீர்கள். ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி அல்லது குடை, ஒரு துண்டு. முதுகுப் பையைவிடத் தோளில் குறுக்காகப் போடும் சின்னப் பை நல்லது, கூட்டத்தில் முன்பக்கம் இழுத்துக்கொள்ளலாம்.

5. முதல் நடை: மயிலாப்பூர்

தொடங்க இதுதான் சரியான இடம். தெருக்கள் ஒழுங்காக இருக்கும், வழி தவறினாலும் கோபுரம் தெரியும்.

திருமயிலை பறக்கும் ரயில் நிலையத்தில் காலை 6 மணி வாக்கில் இறங்குங்கள். லஸ் முனைப் பக்கம் மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைக்காகத் தகர வேலி போட்டிருக்கிறார்கள். அலைபேசி வரைபடம் காட்டும் பாதை அடைத்திருக்கலாம். வேலியை ஒட்டிப் போகிறவர்கள் பின்னாலேயே போனால் போதும். தெப்பக்குளத்துக்கு வந்ததும் கோயிலுக்குள் உடனே நுழையாதீர்கள். குளத்தையும் நான்கு மாட வீதிகளையும் ஒரு சுற்று சுற்றுங்கள். தெற்கு மாட வீதியில் காய்கறி இறங்கிக்கொண்டிருக்கும். வடக்கு மாட வீதியில் நவராத்திரிக்கு முன்பு கொலு பொம்மைகள் வரிசை கட்டும். மார்கழியில் விடியலுக்கு முன்பே பஜனை கோஷ்டி இந்த வீதிகளைச் சுற்றி வரும், வாசல் கோலங்களும் அந்த மாதத்தில்தான் பெரிது.

கபாலீசுவரர் கோயிலைப் பார்த்துவிட்டுத் தெற்கு மாட வீதிப் பக்கமிருந்து சித்திரக்குளத்துக்குப் போங்கள். பெரிய குளத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். சுற்றிலும் வீடுகள், சின்னக் கடைகள். இங்கேதான் மயிலாப்பூரில் ஆட்கள் எப்படிக் குடியிருக்கிறார்கள் என்று தெரியும். காலை டிபனுக்கு ராயர் மெஸ் போன்ற சின்ன மெஸ்கள் உண்டு. 9 மணிக்குமேல் போய் நின்றால் சட்டி காலியாகியிருக்கலாம்.

பிறகு கச்சேரி ரோடு. நாட்டு மருந்துக்குப் பேர்போன டப்பா செட்டி கடை இந்த ரோட்டில்தான். அப்படியே கிழக்கே நடந்தால் சாந்தோம் தேவாலயம், அதன் பின்னால் கடல். ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் தெப்பக்குளத்திலிருந்து கடற்கரைக்கு வந்துவிடுவீர்கள். இந்த ஊர் எவ்வளவு நெருக்கமாக அமைந்திருக்கிறது என்று எனக்குப் புரிந்த தெரு இதுதான், அதனாலேயே முதல் நடையாக வைக்கிறேன். ஞாயிறு காலையில் பூசை நடக்கும், உள்ளே சுற்றிப் பார்க்க வேறு நாள் வாருங்கள். திரும்பக் கலங்கரை விளக்கம் நிலையத்தில் ரயிலேறலாம்.

ஒரு எச்சரிக்கை. பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் அறுபத்து மூவர் விழா. அன்றைக்கு மாட வீதிகளில் சாதாரணமாக நடக்க முடியாது. விழாவைப் பார்க்கவே போவதானால் மதியத்துக்கு முன்பே போய் நிழலில் ஒரு இடம் பிடித்துவிடுங்கள். வழியெல்லாம் நீர்மோரும் சோறும் கொடுப்பார்கள், பசிக்குக் கவலை இல்லை.

6. இரண்டாவது: திருவல்லிக்கேணி

சாயங்காலம் 4 மணிக்குத் திருவல்லிக்கேணி நிலையம். பார்த்தசாரதி கோயில் அப்போதுதான் திறந்திருக்கும். பக்கத்திலேயே துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதியார் கடைசியாக வாழ்ந்த வீடு, இப்போது நினைவு இல்லம். பிறகு பாரதி சாலை, நடைபாதைப் பழைய புத்தகக் கடைகள், ஜாம்பஜார் மார்க்கெட். இதற்குள் இருட்டத் தொடங்கிவிடும். திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் ரத்னா கபேயில் சாம்பாரில் மூழ்கிய இட்லி சாப்பிட்டுவிட்டு வாலாஜா பெரிய மசூதிப் பக்கம் வாருங்கள்.

மசூதியைப் பார்க்க விரும்பினால் தொழுகை இல்லாத நேரத்தில் வாசலில் இருப்பவரிடம் "பாய், உள்ளே பார்க்கலாமா?" என்று கேளுங்கள். வெள்ளிக்கிழமை மதியத்தைத் தவிருங்கள். ரமலான் மாதமானால் நோன்பு திறக்கும் நேரத்துக்கு முன்பே போங்கள். சூஃபிதார் என்ற அமைப்பைச் சேர்ந்த சிந்தி இந்துக்கள் அங்கே பல ஆண்டுகளாக நோன்பாளிகளுக்கு உணவு பரிமாறி வருகிறார்கள். ஓரமாக நின்று பாருங்கள், குறுக்கே போய்ப் படம் எடுக்க வேண்டாம்.

மசூதியிலிருந்து வாலாஜா சாலை வழியாக அண்ணா சாலைக்கு வந்தால் அரசினர் தோட்டம் மெட்ரோ. இருட்டிய பிறகும் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள வழி என்பதால், தனியாக நடக்கும் பெண்களுக்கு நான் முதலில் சொல்லும் மாலை நடை இதுதான்.

7. மூன்றாவது: ஜார்ஜ் டவுன்

இரண்டு நடை பழகிய பிறகுதான் இதற்கு வாருங்கள். நெரிசலுக்குக் கால் பழகியிருக்க வேண்டும். இரண்டு தடவை வர வேண்டிய இடமும் இதுதான்: ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை, வேலை நாளில் ஒரு தடவை.

ஞாயிறு காலை 7 மணிக்குக் கடைகள் எல்லாம் அடைத்திருக்கும். தலையைத் தூக்கி மேல்மாடிகளைப் பார்த்தபடி நடக்க அன்றைக்குத்தான் முடியும். மரத்தூண், சுண்ணாம்புச் சுவர், தகரக் கூரை, ஷட்டருக்கு மேலே பழைய எழுத்தில் கடைப் பெயர். வேலை நாளில் மேலே பார்த்து நடந்தால் யாராவது உங்கள் மேல் மூட்டையோடு மோதுவார்கள்.

வேலை நாளில் 9.30 மணிக்குக் கடற்கரை ரயில் நிலையத்தில் இறங்குங்கள். ராஜாஜி சாலையில் தலைமை அஞ்சலகத்தைத் தாண்டிப் பாரிமுனை. எதிரே உயர் நீதிமன்றம். 1892இல் திறந்த சிவப்புக் கட்டடம். வெளியிலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள், வழக்கு இல்லாமல் உள்ளே சுற்ற முடியாது. என்.எஸ்.சி. போஸ் சாலையில் மேற்கே நடந்தால் வலப்பக்கம் லிங்கிச் செட்டி தெரு, தம்புச் செட்டி தெரு, அரண்மனைக்காரன் தெரு என்று வரிசையாக வரும். தம்புச் செட்டி தெருவில் காளிகாம்பாள் கோயில். அரண்மனைக்காரன் தெருவில் 1772ஆம் ஆண்டின் ஆர்மேனியன் தேவாலயம். வெளியே லாரியும் கூச்சலும், உள்ளே முற்றத்தில் மரநிழல், தரையெல்லாம் ஆர்மேனிய எழுத்துக் கல்லறைகள். பிற்பகலில் பூட்டிவிடுவார்கள், மதியத்துக்கு முன்பே போய்விடுங்கள். அதே தெருவில் அந்தோணியார் கோயில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை அங்கே பெரும் கூட்டம். கிறிஸ்தவர் மட்டும் இல்லை, எல்லோரும் வருவார்கள். கூட்டம் பிடிக்காதவர்கள் செவ்வாயை விட்டுவிடுங்கள்.

ஜார்ஜ் டவுனில் ஒவ்வொரு தெருவும் ஒரு சரக்கு. ஆண்டர்சன் தெரு என்றால் காகிதம், கல்யாணப் பத்திரிகை. கோடவுன் தெரு துணி. காசிச் செட்டி தெரு வெளிநாட்டுச் சாமான், பேன்சிப் பொருள். ராசப்ப செட்டி தெரு நாட்டு மருந்து. மூக்கு முதலில் கண்டுபிடித்துவிடும். அந்தத் தெருவிலேயே கந்தகோட்டம் முருகன் கோயில். வீட்டுக்கு ஏதாவது வாங்க வேண்டியிருந்தால் இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். மொத்த விலைக் கடைகளில் "சில்லறை உண்டா அண்ணா?" என்று முதலில் கேட்டுவிடுங்கள். இல்லை என்றால் விலை கேட்டு நிற்க வேண்டாம், அவர்களுக்கு அது வியாபார நேரம்.

இங்கே நடைபாதை கிடையாது, எல்லோரும் ரோட்டில்தான் நடப்பார்கள். மீன்பாடி வண்டியில், அதாவது சுமை ஏற்றும் மூன்று சக்கர வண்டியில், வருகிறவர்கள் "வழி, வழி" என்று குரல் கொடுத்தால் உடனே ஓரம் கட்டுங்கள். சுமையோடு வருகிற வண்டியை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. அலைபேசியை நடுத்தெருவில் எடுத்துப் பார்க்காமல் ஒரு கடைப் படியில் ஏறி நின்று பாருங்கள். 11.30க்கு மேல் லாரியும் வெயிலும் சேர்ந்துவிடும், அதற்குள் முடித்துவிட்டு உயர் நீதிமன்றம் மெட்ரோவுக்குத் திரும்பலாம்.

தங்கசாலையையும் சவுக்கார்பேட்டையையும் இதோடு சேர்க்காதீர்கள். அதற்குத் தனியாக ஒரு சாயங்காலம் வேண்டும். 5.30க்கு ஆரம்பித்து ஏகாம்பரேசுவரர் கோயில், ஜைனக் கோயில்கள், நெய் மணக்கும் இனிப்புக் கடைகள், முறுக்கு சாண்ட்விச், கடைசியில் யானைகவுனிப் பக்கம் வந்து வால்டாக்ஸ் சாலை வழியாக சென்ட்ரல். வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு போங்கள். அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் சாப்பிட வேண்டுமானால் அது இங்கே இல்லை. கடற்கரை நிலையத்துக்கு எதிர்ப்பக்கம், சாயங்காலத்துக்கு மேல்.

8. மற்ற இடங்கள், சுருக்கமாக

காசிமேடு: அதிகாலை ஏலம் பார்க்க 5 மணிக்கு முன் அங்கே இருக்க வேண்டும், அந்த நேரத்துக்கு மெட்ரோ கிடையாது. தெரிந்தவர் ஒருவரோடு வண்டியில் போங்கள். தரை எப்போதும் ஈரம், ரப்பர் செருப்புதான் சரி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பெரிய விசைப்படகுகள் கடலுக்குப் போகாததால் சந்தை களையிழந்திருக்கும். திரும்பும் வழியில் ராயபுரம் ரயில் நிலையத்தைப் பாருங்கள். 1856ஆம் ஆண்டுக் கட்டடம், இன்னும் நிற்கிறது.

தி.நகர்: தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் வேண்டாம். மற்ற நாட்களில் மாம்பலம் நிலையத்திலிருந்து பஸ் நிலையம் வரை நடைமேம்பாலம் இருக்கிறது, ரங்கநாதன் தெரு நெரிசலை மேலிருந்து பார்த்தபடி தாண்டிவிடலாம். பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை போட்டிருக்கிறார்கள். குழந்தையோடும் வயதானவர்களோடும் நடக்க நகரத்தில் எனக்குத் தெரிந்த நல்ல இடம்.

எழும்பூர்: அருங்காட்சியகத்துக்கே மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். வெண்கலச் சிலைகளும் அமராவதிச் சிற்பங்களும் அவசரமாகப் பார்க்கிற சமாசாரம் இல்லை.

தனியாகத் தொடங்கத் தயக்கமாக இருந்தால் ஆகஸ்ட் மாதம் வரை காத்திருக்கலாம். ஆகஸ்ட் 22 சென்னை தினம். அதை ஒட்டிப் பல பேட்டைகளில் வழிகாட்டியோடு நடைகள் நடக்கும், பல இலவசம். முன்பதிவு சீக்கிரம் முடிந்துவிடும், மாதத் தொடக்கத்திலேயே பெயர் கொடுத்துவிடுங்கள்.

9. முகவரியும் வழி கேட்பதும்

சென்னையில் ஒரே வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு எண் உண்டு. 'எண் 14' என்று மட்டும் எழுதிக்கொண்டு போனால் தெருவின் இரண்டு கோடியிலும் இரண்டு 14 இருக்கும். இரண்டு எண்ணையும் கேட்டுக்கொள்ளுங்கள். சாலைப் பெயரும் அப்படித்தான். பலகையில் அண்ணா சாலை, வாயில் மவுண்ட் ரோடு. பலகையில் பாரதி சாலை, பெரியவர்களுக்கு இன்னமும் பைகிராப்ட்ஸ் ரோடு. ஈ.வெ.ரா. பெரியார் சாலை பூந்தமல்லி ஹை ரோடாகவும், அவ்வை சண்முகம் சாலை லாயிட்ஸ் ரோடாகவும் புழங்குகிறது. இரண்டு பெயரும் தெரிந்தால்தான் வழி கேட்டால் பதில் வரும்.

கேட்க வேண்டிய ஆள் ஆட்டோக்காரர் இல்லை, அவர் ஏறச் சொல்வார். தெருமுனைப் பெட்டிக்கடை, இஸ்திரி வண்டி, பூக்கடை, இந்த மூன்று பேருக்கும் அந்தத் தெரு மனப்பாடம். வயதைப் பார்த்து அண்ணா, அக்கா, ஐயா, அம்மா என்று கூப்பிட்டுக் கேளுங்கள். "எவ்வளவு தூரம்?" என்று கேட்டால் எல்லோரும் "இதோ, பக்கத்துலதான்" என்பார்கள். "எத்தனை ஸ்டாப்பிங்?" என்று கேட்டால்தான் உண்மைத் தூரம் தெரியும்.

10. சிக்கல் வரும் இடங்கள்

மழை. தண்ணீர் தேங்கிய தெருவில் இறங்கி நடக்கவே நடக்காதீர்கள். கீழே மூடி இல்லாத பாதாளச் சாக்கடைக் குழி இருக்கலாம், ஓரத்தில் தரையோடு ஒட்டிய மின்பெட்டியில் கசிவு இருக்கலாம். ஒவ்வொரு பருவமழையிலும் இப்படி உயிர் போகிறது. பலத்த மழை பெய்தால் அன்றைய நடையை ரத்து செய்துவிடுங்கள், மறுநாள் காலையிலும் போக வேண்டாம். திறந்த குழியைப் பார்த்தால் மாநகராட்சியின் 1913 எண்ணுக்குச் சொல்லிவிட்டு நகருங்கள்.

நாய்கள். விடிகாலையில் சந்துகளில் கூட்டமாக இருக்கும். ஓடாமல், கண்ணுக்குக் கண் பார்க்காமல், மெதுவாகப் பின்வாங்குங்கள். கடித்தால் அந்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், தடுப்பூசி இலவசம். சின்னக் கீறல்தானே என்று விடக் கூடாது.

கழிப்பறை. பெண்களுக்குப் பெரிய கவலை இதுதான், பேசத்தான் கூச்சப்படுகிறோம். மெட்ரோ நிலையங்களில் கழிப்பறை உண்டு, சுத்தமாகவும் இருக்கும். அதனால் தொடங்கும் இடமோ முடியும் இடமோ ஒன்றாவது மெட்ரோ நிலையமாக இருக்கும்படி வழி போடுங்கள். நடுவில் வேண்டுமானால் பெரிய சைவ ஹோட்டலில் காபி குடிக்கும் சாக்கில் போகலாம். இதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் நடப்பதுதான் ஆபத்து, சென்னை வெயிலில் ஒரு மணி நேரத்தில் தலை சுற்றும். அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181, ஆம்புலன்சுக்கு 108.

படம் எடுப்பது. துறைமுகம், கடற்படை இடம், நீதிமன்றம், தலைமைச் செயலகம் பக்கம் கேமராவை வெளியே எடுக்க வேண்டாம். மனிதர்களை எடுக்கும் முன் கேளுங்கள். மீன் விற்கும் அக்காவிடம் கால் கிலோ வாங்கிவிட்டுக் கேட்டால் அவரே சிரித்துக்கொண்டு நிற்பார். கேட்காமல் எடுத்தால் திட்டு விழும், அது நியாயம்தான்.

11. வீடு தேடுகிறவர்களுக்கு

வாடகை வீட்டுக்கு முன்பணம் கொடுக்கும் முன் அந்தப் பேட்டையை மூன்று நேரத்தில் நடந்து பாருங்கள். புரோக்கர் காட்டுவது பகல் 12 மணி வீடு.

காலை 6.30க்குப் போனால் தண்ணீர் நிலவரம் தெரியும்: லாரி நிற்கிறதா, குடங்கள் வரிசையில் இருக்கின்றனவா, அடிபம்பில் என்ன நிறத்தில் வருகிறது. இரவு 9.30க்கு நிலையத்திலிருந்து அந்த வீட்டு வாசல் வரை நடந்து பாருங்கள். தெருவிளக்கு, ஆள் நடமாட்டம், நாய், டாஸ்மாக் எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். மூன்றாவது, ஒரு பெருமழைக்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ, தண்ணீர் வடிந்த பின். மழைக்காலம் முடிந்துவிட்டது என்றால் முனைக்கடையில் "2023 டிசம்பர் மழைக்கு இங்கே தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேளுங்கள். கணுக்கால், முட்டி, இடுப்பு என்று கையால் காட்டுவார்கள். காம்பவுண்டுச் சுவரில் கறைக்கோடும் பேசும்.

முன்பணம் பத்து மாதம் கேட்பது இங்கே பழகிப்போன வழக்கம். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாதவரை மூன்று மாத வாடகைக்குமேல் முன்பணம் கேட்கக் கூடாது. இதைச் சொல்லிப் பேரம் பேசுங்கள். பத்து ஐந்தாகக் குறைந்தாலும் லாபம்தானே. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யச் சொல்லுங்கள். டோக்கன் பணம் என்று ஆயிரம் ரூபாய் கொடுத்தாலும் ரசீது வாங்குங்கள்.

புரோக்கர் கமிஷன் பொதுவாக ஒரு மாத வாடகை. அதையும் மிச்சப்படுத்த ஒரு வழி இருக்கிறது. நடக்கும்போது இஸ்திரி போடும் அண்ணனிடம் நின்று கேளுங்கள். எந்த வீட்டிலிருந்து துணி வருவது நின்றிருக்கிறது, யார் அடுத்த மாதம் காலி செய்கிறார்கள், எந்த வீட்டுக்காரர் தொந்தரவு செய்ய மாட்டார் என்று அவருக்குத் தெரியும். ஒரு சட்டையைக் கொடுத்துவிட்டுக் கேட்டால் இன்னும் விவரமாகவே சொல்வார்.